பழைய லை, புது லை

தமிழ்ல டைப் அடிக்கிறது நீங்கதானேம்மா? நுகர்வோர் கோர்ட்டுக்கு ஒரு மனு. எதிர்த்தாப்புல இருக்குற கோர்ட்டுதான். பக்கத்துக்கு முப்பது ரூபாயா? போன தடவை உங்க வீட்டுக்காரரு இருபத்தஞ்சுதான் வாங்குனாரு. சரி, பரவால்ல, அடிங்க. இந்த அஞ்சு ரூபாய்க்கு நான் சண்டை போட மாட்டேன். சண்டை போட்டா விட மாட்டேன், அதனால போடலை.

பேரு இ. சோலைமலை. வயசு அறுபத்துநாலு. ஊரு சாத்தூர். தொழில் பந்தல், சேர், பாத்திரம் வாடகை. எதிர்மனுதாரர் பேங்கு. எந்த பேங்குன்னு இந்தப் பழைய தீர்ப்புல இருக்கு, பாத்து அடிச்சுக்கோங்க. ஆமா, ஏற்கெனவே இவங்க மேல கேஸ் போட்டு ஜெயிச்சவன் நான். பேப்பர்ல வந்துச்சே, கையெழுத்துக் கேசுன்னு. அது நான்தான்.

இப்ப என்ன விஷயம்னா, என் தங்கச்சி குருவம்மா என் அக்கவுண்ட்ல இருந்து நாலு லட்ச ரூபாய் எடுத்துட்டா. திருட்டு இல்ல. நான் குடுத்த செக்குதான். ஆனா அது பாசாகக்கூடாத செக்கு. அதைப் பேங்கு பாஸ் பண்ணிருச்சு. அந்தப் பணம் எனக்குத் திரும்பி வரணும். அதான் மனு. ஏம்மா அப்பிடிப் பாக்குறீங்க? முதல்ல இருந்து சொல்றேன். எதை அடிக்கணும், எதை அடிக்கக் கூடாதுன்னு நடுநடுவுல நானே சொல்லிருறேன்.

ஒரு வெள்ளைத்தாள் குடுங்க. இங்க பாருங்க. இது நீங்க அடிக்கிற லை. முன்னாடி சங்கிலிக் கொம்பு, பின்னாடி ல. இது நாங்க பள்ளிக்கூடத்துல படிச்ச லை. கொம்பு தனியா நிக்காது. ல மேலயே ஒட்டிக்கிட்டு, யானை தும்பிக்கையைத் தூக்குன மாதிரி. என் பேருல ரெண்டு லை இருக்கு, சோலையில ஒண்ணு, மலையில ஒண்ணு. பழைய எழுத்துல எழுதுனா ரெண்டு யானை நிக்கும். எண்பத்தஞ்சுல அக்கவுண்ட் ஆரம்பிச்சப்ப பேங்குல ஒத்துப்பாக்க வச்சிருக்குற கார்டுல ரெண்டு யானையோடதான் கையெழுத்துப் போட்டேன். அதுக்கு முன்னாடியே அரசாங்கத்துல எழுத்தை மாத்திட்டாங்க. அரசாங்கம் ஒரு நாள்ல மாத்திரும். கை மாறணும்ல?

அப்புறம் கையும் மாறிருச்சு. வாடகை பில்லு, ரசீது, கல்யாண வீட்டு மொய்க்கவரு எல்லாத்துலயும் புது லை. பேங்குக்கு மட்டும் பழைய லை. பன்னெண்டு வருஷம் முன்னாடி ஒரு செக்குல மறந்து புது லையைப் போட்டு, அது திரும்பி வந்துருச்சு. அப்ப இருந்த கேஷியர் நல்ல மனுஷன். "அண்ணாச்சி, கார்டுல யானை இருக்கு, நீங்க யானை இல்லாமப் போட்டா எப்பிடிப் பாசாகும்?"னு கேட்டாரு. பைசா பிடிக்கலை. அன்னையில இருந்து எனக்கு விஷயம் தெரியும். இதை அடிக்காதீங்கம்மா. போன மனுவுலயும் அடிக்கலை. யாரும் கேக்கலை.

இப்ப தங்கச்சி செக்கு. மூணு வருஷம் முன்னாடி எங்க அப்பா வீட்டை வித்தோம். எட்டு லட்சம். பத்திர ஆபீஸ்ல பொம்பளைப் பிள்ளைக்கும் சம பங்குன்னு சொல்லிட்டாங்க, அவ கையெழுத்து இல்லாம எவனும் வாங்க மாட்டான். அவ வந்து போட்டா. பணம் முழுசும் என் அக்கவுண்ட்டுக்கு வந்துச்சு. அவ வாயைத் திறந்து கேக்கலை. மாப்பிள்ளைதான், அவ வீட்டுக்காரரு, ரெண்டு மூணு தடவை ஜாடையாக் கேட்டாரு. சரின்னு ஒரு நாள் செக்கு புக்கை எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்கே போயி, அவ முன்னாடி உக்காந்து எழுதுனேன். நாலு லட்சம். அவ பேரு. தேதி மட்டும் போடலை. "அண்ணன் சொல்றப்ப தேதி போட்டுக் கட்டிக்கோ தாயி"ன்னேன். கையெழுத்துப் போட்டேன். புது லை. ரெண்டும் புது லை.

வேணும்னுதான் போட்டேன். ஏமாத்தணும்னு இல்லம்மா, ஒரு பாதுகாப்புக்கு. மாப்பிள்ளை கையில பணம் சிக்குனா குடிச்சே அழிச்சுருவாரு. மாப்பிள்ளை குடிக்க மாட்டாரு, அது வேற விஷயம். நாலு லட்சத்தைக் கண்ணுல பாத்தா ஆரம்பிக்க மாட்டாருன்னு என்ன நிச்சயம்? பணம் என்கிட்ட இருந்தா அவளுக்குத்தான் பத்திரம். அவ அந்தச் செக்கைக் கண்ணுல ஒத்திக்கிட்டு ரேஷன் கார்டுக்குள்ள வச்சா. இதையும் அடிக்காதீங்க.

இனிமே அடிக்கலாம். போன வருஷத்துக்கு முந்துன வைகாசி. நல்ல முகூர்த்தம். காலையில இருந்து பதினேழு பில்லுல கையெழுத்துப் போட்டிருக்கேன். அதே ஓட்டத்துல, இருநூறு பிளாஸ்டிக் சேர் கொண்டு வந்த மதுரை கம்பெனிக்காரனுக்கு எழுதுன செக்குலயும் புது லையைப் போட்டுத் தொலைச்சுட்டேன். அது திரும்பி வந்துருச்சு. கையெழுத்து வேறுபடுகிறதுன்னு ஒரு சீட்டு. மறுநாள் போன்ல மெசேஜ், அபராதம் ஐநூறு, வரி தொண்ணூறு, ஆக மொத்தம் ஐநூத்தித் தொண்ணூறு ரூபாய் பிடிச்சாச்சுன்னு. சேர்க்காரன் போன் பண்ணி, "என்ன அண்ணாச்சி, பெரிய மனுசன்னு நம்பிச் சேரை இறக்குனோம்"ங்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு.

நேரா பேங்குக்குப் போனேன். மேனேஜர் சின்னப் பையன், தேனிப் பக்கம். என் கார்டைக் கம்ப்யூட்டர்ல எடுத்துப் பாத்துட்டு, "சார், இது என்ன எழுத்து?"ங்கிறான். தமிழ்ப் பையன், தமிழ் எழுத்தைப் பாத்துக் கேக்குறான்.

"லை"ன்னேன்.

"அப்ப செக்குல இருக்குறது?"

"அதுவும் லைதான்."

"ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கே சார். சென்னையில கிளியரிங்ல பாக்குறவங்களுக்குத் தமிழே தெரியாது. அவங்க படமாத்தான் பாப்பாங்க."

"என் பேரைப் படமாப் பாக்கச் சொல்லி யாரு தம்பி சொன்னது? படிக்கச் சொல்லு. படிச்சா ரெண்டும் சோலைமலைதான்"னேன். "செக்கைத் திருப்பு, அது உன் இஷ்டம். தப்பே செய்யாதவன்கிட்ட அபராதம் எப்பிடிப் பிடிப்ப? பணம் இல்லாமலா திரும்புச்சு?" அவன் விதியில இருக்குன்னான். எந்த விதின்னேன். மேலிடத்துல கேக்கணும்னான். கேளுன்னேன். அவன் கேக்கவே இல்ல.

நான் கேட்டேன். கிளையில ஒரு லெட்டர், மதுரை மண்டல ஆபீசுக்கு மூணு லெட்டர், அப்புறம் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு. அங்க ரெண்டு மாசம் ஊறப்போட்டு, வங்கி விதிப்படி நடந்துக்கிச்சுன்னு ஒரே வரியில பதில். அப்புறம்தான் இந்தக் கோர்ட்டு. வக்கீல் வைக்கலை, நானே வாதாடுனேன். பதினாலு மாசம், பதினோரு வாய்தா. ஐநூத்தித் தொண்ணூறு ரூபாய்க்கு பஸ்ஸு, சாப்பாடு, ஜெராக்ஸுன்னு ஏழாயிரத்துச் சொச்சம் செலவு. வீட்டுல திட்டுனா. கணக்குப் பாத்தா மானம் என்னாகுறது? என் கையெழுத்தை என் கையெழுத்து இல்லைன்னு சொன்னா, அப்ப நான் யாரும்மா? கள்ளக் கையெழுத்துப் போடுறவனா? ராத்திரி பகலா அது ஒண்ணுதான் மனசுல. அந்தப் பதினாலு மாசமும் தங்கச்சி செக்கு ஒரு தடவை கூட ஞாபகத்துக்கு வரலைம்மா. சத்தியமா வரலை.

கோர்ட்டுத் தலைவர் ஒரு அம்மா. நல்ல அம்மா. "ரெண்டு விதமாவும் இங்க எழுதிக் காட்டுங்க"ன்னாங்க. எழுதுனேன். பழைய லையைப் பாத்ததும் அவங்க முகம் மாறிருச்சு. "எங்க அப்பா இப்படித்தான் எழுதுவார்"னாங்க. அப்பவே எனக்குத் தெரியும், கேசு நமக்குத்தான்னு. பேங்கு வக்கீலு எந்திரிச்சு, "இவர் எப்ப எதைப் போடுவார்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாரு. நான் கையைத் தூக்குனேன். "அம்மா, எதைப் போட்டாலும் நான்தான். ரெண்டுக்கும் நான்தான் பொறுப்பு"ன்னேன். அதை அப்பிடியே தீர்ப்புல எடுத்துப் போட்டுருக்காங்க. நாலாம் பக்கம், மேல இருந்து மூணாவது வரி. நீங்க படிக்க வேண்டாம், எனக்கு மனப்பாடம்.

ஐநூத்தித் தொண்ணூறைத் திருப்பிக் குடு, மன உளைச்சலுக்கு ஐயாயிரம் குடு, செலவுக்கு ரெண்டாயிரம் குடுன்னு தீர்ப்பு. நாலாவதா நான் இன்னொண்ணு கேட்டிருந்தேன். ரெண்டு லையையும் என் கையெழுத்தா கார்டுல ஏத்தணும், இனிமே எதுல வந்தாலும் பாஸ் பண்ணணும்னு. உங்க வீட்டுக்காரரு அடிக்கும்போதே, "இதுவும் வேணுமாண்ணே?"ன்னு கேட்டாரு. "நீ அடி தம்பி, அவனுங்களை விடக் கூடாது"ன்னேன். அதையும் குடுத்துட்டாங்க.

ஊர்ல பெரிய பேச்சு. பேப்பர்க்காரத் தம்பி வீட்டுக்கே வந்து ரெண்டு கையெழுத்தையும் போட்டோ எடுத்தாரு. அல்வா வாங்கி எல்லாருக்கும் குடுத்தேன். குருவம்மாவும் வந்திருந்தா. பேப்பர்க்காரர்கிட்ட, "இதே கையெழுத்து எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு சார், எங்க அண்ணன் என் முன்னாடி உக்காந்து போட்டது"ன்னு பெருமையாச் சொல்லுது அந்தப் பிள்ளை. கையில எடுத்த அல்வாவைத் தட்டுலயே வச்சுட்டேன். பத்துப் பேரு பாக்குறாங்க, என்ன செய்ய? சிரிச்சேன். "அப்ப தேதி போட்டுக்கிறவாண்ணே?"ன்னா. அதுக்கும் சிரிச்சேன். சரின்னு சொல்லலைம்மா. சிரிக்க மட்டும்தான் செஞ்சேன். இந்த வித்தியாசத்தை மனுவுல கொண்டு வர முடியுமா?

அடுத்த செவ்வாக்கிழமை பந்தல்ல நிக்கிறேன், பேங்குல இருந்து ஒரு பையன் போன். "சார், உங்க செக்கு ஒண்ணு வந்திருக்கு, புது எழுத்துல இருக்கு, உங்க கையெழுத்துதானான்னு கேக்க..." அவனை நான் முடிக்கவே விடலை. "தீர்ப்பைப் படிக்கலையா நீங்க? இன்னொரு தடவை இப்பிடிக் கேட்டா இன்னொரு கேசு போடுவேன். எதுல இருந்தாலும் பாஸ் பண்ணு!"ன்னு கத்திட்டு போனை வச்சுட்டேன். பந்தல்காரப் பயலுக எல்லாம் கை தட்டுனானுங்க.

கால் மணி நேரத்துல மெசேஜ் வந்துச்சு. நாலு லட்சம். சேர், பாத்திரம் ஏத்தக் குட்டியானை வண்டி வாங்க வச்சிருந்த பணம். அப்பிடியே ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன்.

தேனிப் பையன்கிட்ட ஓடுனேன். அவன் அலுங்காம என் கார்டைக் காட்டுறான். ரெண்டு கையெழுத்து, மேல யானை, கீழ யானை இல்லாம. "நீங்க கேட்டதுதான் சார்"ங்கிறான். "போன்லயும் கேட்டோம், ரெக்கார்டு இருக்கு, போட்டுக் காட்டவா?"ங்கிறான். வேண்டாம்னேன். இந்தப் போன் விஷயத்தை அடிக்காதீங்கம்மா. அவங்க சொல்லட்டும்.

அன்னைக்குச் சாயந்திரம் குருவம்மா வீட்டுக்கு வந்தா. தாம்பாளத்துல வேட்டி, துண்டு, பழம். கால்ல விழுந்து அழுகுறா. "மூணு வருஷமா இவரு சொல்லிக்கிட்டே இருந்தாருண்ணே, உங்க அண்ணன் நம்மளை ஏமாத்திட்டாருன்னு. ஒரு நாள் கூட நான் நம்பலை"ன்னா. மாப்பிள்ளை வாசல்ல நின்னுக்கிட்டு, "என்னை மன்னிச்சுக்கங்க மச்சான்"னாரு. வேட்டியை வாங்கிக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. நாலு லட்சம் போனா யாருக்குத்தான் இறங்கும்?

சரி, இதெல்லாம் வேண்டாம். இப்பிடி அடிங்க. "எனது வழக்கமான கையெழுத்து பழைய லையில் அமைந்தது. அதற்கு மாறான கையெழுத்துடன் வந்த காசோலையை எதிர்மனுதாரர் உரிய கவனமின்றிப் பணமாக்கியது சேவைக் குறைபாடு." நல்லாயிருக்குல்ல? பஸ்ஸுல வரும்போதே யோசிச்சுட்டு வந்தேன். "ஆகையால் ரூபாய் நாலு லட்சத்தை எதிர்மனுதாரர் திருப்பித் தரவும், மேலும்..."

ஒரு நிமிஷம்மா. போன்.

சொல்லு தாயி. ஆமா, வெளியூர்ல இருக்கேன். ஒரு கோர்ட்டு வேலை. அது பழைய கேசுதான், சின்ன பாக்கி. வெள்ளிக்கிழமையா? நான் எதுக்கு, மாப்பிள்ளை இருக்காருல்ல? சரி. சரி, அழுகாத, வாறேன். மாப்பிள்ளையைச் சாரத்துல ஏற விடாத, அவருக்குத் தலைசுத்தல் இருக்கு. பந்தல் நான் அனுப்புறேன், வாடகை கீடகைன்னு பேசுன, வர மாட்டேன். வச்சுறவா.

அவதான். தகரச் சீட்டுக் கூரையைப் பிரிச்சுட்டா, வெள்ளிக்கிழமை காங்கிரீட்டு. முதல் சட்டி நான்தான் கொட்டணுமாம். எங்க விட்டோம்? ஆங், மன உளைச்சல். மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரம் போடுங்க.

என்னம்மா சொல்றீங்க? குருவம்மாவை ரெண்டாவது எதிர்மனுதாரராச் சேக்கணுமா? எதுக்கு? அவ மேல எனக்கு ஒரு குறையும் இல்லையே. பணத்தை அவ வச்சுக்கட்டும், பேங்குக்காரன் அவன் கையில இருந்து எனக்குக் குடுக்கட்டும். அப்பிடிக் குடுக்க மாட்டானா? பணம் வாங்குனவளைத்தான் முதல்ல கூப்பிடுவாங்களா? கூரைக்குப் போட்டாச்சுன்னா கூரையவா பிரிச்சுக் கேப்பாங்க? நீங்க பேங்குக்காரன் மாதிரியே பேசுறீங்க. அவ பேரைப் போடாதீங்க. அவங்களாப் போட்டா போட்டுக்கட்டும், நான் போட்டேன்னு இருக்கக் கூடாது.

அடிச்சாச்சா? ரெண்டு பக்கம்தானே, அறுபது ரூபாய். எங்க கையெழுத்துப் போடணும், இங்கயா? பேனா குடுங்க.

இருங்க. பழைய லையைப் போட்டா, அப்ப புது லை யாருதுன்னு அந்த அம்மா பழைய கேசுக் கட்டைத் தூக்கி முன்னாடி போடுவாங்க. நாலாம் பக்கம், மூணாவது வரி. புது லையைப் போட்டா, செக்கு சரிதான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசுன்னு கலந்து போட்டா? வேண்டாம், அதையும் ஒரு பேப்பர்க்காரன் போட்டோ எடுப்பான்.

ஸ்டாம்பு பேடு இருக்காம்மா? நீலம்னாலும் பரவால்ல. கைநாட்டு வச்சுருறேன்.

அதுக்கு ஒரு வரி சேக்கணுமா? படிங்க. "மனுதாரர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் மனு அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது." சரி, சேத்துக்கோங்க. வாசிச்சுக் காட்ட வேண்டாம்.

சாட்சி வேறயா? என்னை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரு கையெழுத்துப் போடணுமா? நீங்க போட மாட்டீங்களா? அதுவும் சரிதான், உங்களுக்கு என்னைத் தெரியாது. வீட்டுல கூப்பிட்டா வர மாட்டா, இந்தக் கேசைப் போட்டா சோறு கிடையாதுன்னு காலையிலேயே சொல்லிட்டா. பந்தல்காரப் பயலுக எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு ஊரெல்லாம் சொல்லுவானுங்க.

குருவம்மாவைக் கூப்பிட்டா வருவா. கொத்தனாருக்குச் சோறு வடிச்சுக்கிட்டு இருந்தாலும் அப்பிடியே போட்டுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துருவா. என்ன பேப்பர்னு பாக்க மாட்டா. எங்கண்ணே போடணும்னு மட்டும்தான் கேப்பா.